இரண்டாம் தடவை செத்த எஞ்சின்

2025 ஜூலை 8, செவ்வாய்

நேற்றுத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். ஐந்து நாள் கல்யாண வீடு. இன்று விடியப்புறம் கடற்கரை வீதியில் ஒரு சுற்றுப் போனால் உடம்பு சரிவரும் என்று கீழே இறங்கினேன். சாவியைத் திருகினால் கார் இழுக்கிறது, இழுக்கிறது, பற்றவில்லை. பெற்றோல் மணம் மட்டும் குப்பென்று வந்தது.

அதற்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்தாறு. யார் முதலில் படுப்பது என்று எங்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. அது முந்திவிட்டது போல.

எங்கள் வெள்ளவத்தைக் கட்டடத்தில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நிற்கும். ஊருக்குப் போகிறவர்கள் சாவியைக் காவல் பார்க்கிற வாட்சரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. இந்த முறை மூன்றாம் மாடி மயிலம்மா அன்ரி, "பிள்ளை, உம்மடை காருக்குப் பின்னாலைதானே நான் நிக்கிறன், கோயிலுக்குப் போகவேண்டாமே?" என்று கேட்டதால் கொடுத்துவிட்டுப் போனேன். கோயிலுக்கு வழிவிட்ட புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

ஜூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கராஜ்கள் பூட்டு. நாள் முழுக்க மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டே இருந்தது.

ஜூலை 12, சனி

கொட்டாஞ்சேனைக்கு இழுத்துக்கொண்டு போனோம். நிஸாம் நானாவின் கராஜ். பத்து வருடமாக இந்தக் காருக்கு ஒயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அவர்தான். எஞ்சினுக்குள் மட்டும் கை வைத்ததில்லை.

வைக்க வேண்டிய தேவையும் வரவில்லை. இது ரோட்டரி எஞ்சின். மேலும் கீழும் குதிக்கிற பிஸ்டன் இதில் கிடையாது. முக்கோணத் துண்டுகள் இரண்டு உள்ளே சுழன்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். நாலாயிரம் சுற்றைத் தாண்டி இரண்டாவது டர்போவும் விழித்துக்கொண்டால் எஞ்சின் இருப்பதே மறந்துபோகும். நீளமாய் ஒரே ஒரு சுரம். பக்கத்தில் கடல். நான் எங்கேயோ போய்விடுவேன்.

நிஸாம் நானா பிளக்கைக் கழற்றி, அழுத்தம் பார்க்கிற மீட்டரைச் செருகினார். ஊசி துள்ள வேண்டும். அசையவே மனமில்லாமல் கிடந்தது.

"மூச்சே இல்ல மிஸ். முன்னுக்கும் இல்ல, பின்னுக்கும் இல்ல" என்றார். "நான் பிஸ்டன் ஆள். இந்தச் சாமான் எனக்குச் சரியாத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூச்சில்லாட்டி உசிரும் இல்லதானே?"

அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கப் பிளேன்ரீ எடுத்துத் தந்தார்.

ஜூலை 14, திங்கள்

என்ன எஞ்சின் போடுவது?

இதையே திறந்து உள்ளே எல்லாம் புதிதாகப் போடலாம். ஆனால் திறக்கத் தெரிந்த கை கொழும்பில் யாருடையது? ஜப்பானில் கழற்றிய இதே மாதிரிப் பழைய எஞ்சின் ஒன்றை எடுப்பிக்கலாம். அது எப்படிப்பட்டது என்று வந்த பிறகுதான் தெரியும், சம்பந்தம் பேசுவது மாதிரி. மூன்றாவது வழி நிஸாம் நானாவுடையது: டொயோட்டாவின் ஆறு சிலிண்டர் டர்போ. "அதப் போட்டா கண்ண மூடிக்கிட்டு கதிர்காமம் போய் வரலாம் மிஸ்."

கண்ணை மூடிக்கொண்டு போவதற்கு எனக்கு எதற்குக் கார்? பஸ் இருக்கிறதே.

இப்படி மாற்றிய கார் ஒன்றின் ஒலிப்பதிவை அவர் அனுப்பியிருந்தார். என் வேலையே செவிப் பரிசோதனைதான். "சத்தம் கேட்டால் பொத்தானை அமத்துங்கோ" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். மத்தியானம் அதே கண்ணாடி அறைக்குள் இருந்து, அந்தப் பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நான் கேட்டேன். நல்ல எஞ்சின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் வீட்டுக்குள் வேறு யாரோ நின்று இருமுவதுபோல் இருந்தது. நான் பொத்தானை அமத்தவில்லை.

ஜூலை 16, புதன்

நிஸாம் நானா இன்று காரின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த எஞ்சின் போட்டாலும் இதுல நம்பர் மாத்தோணும் மிஸ். பேர் ரெண்டு ஈக்கி. ரெண்டு பேரும் சைன் வைக்கோணும். யார் இந்த ஜனா?"

என் தம்பி என்றேன். மெல்பேர்னில் என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

எழுதித்தான் பார்ப்போமே. இந்தக் கொப்பியை என்னைத் தவிர யார் வாசிக்கப்போகிறார்கள்.

2010இல் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கார். ரோட்டரிப் பைத்தியம் அவனுக்குத்தான் முதலில் பிடித்தது. புத்தகங்களைப் பரப்பிவைத்து எனக்கு வகுப்பு எடுப்பான். 2014இல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்ன் போய்விட்டான். போய் ஆறு மாதத்தில், "அக்கா, இனி நான் வரமாட்டன். காரை வித்துவிடுவம்" என்றான். கிருலப்பனையில் வாங்குவதற்கு ஆளும் பார்த்துவைத்திருந்தான்.

நான் சொன்னேன்: எஞ்சின் செத்துப்போச்சு, ஒருத்தரும் வாங்கமாட்டினம்.

பச்சைப் பொய். அன்று காலையில்கூட ஓடிவிட்டுத்தான் வந்தேன். அவன் நம்பினான். தொலைபேசியில் அழுதான். அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுதான் பொய்யைவிடப் பெரிய பாவம்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய சிநேகிதன் யாரோ, கடற்கரை வீதியில் நான் ஓடிக்கொண்டு போனதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான். ஜனா ஒரே ஒரு தடவை தொலைபேசி எடுத்தான். "அக்கா, நான் அழுதனான்" என்றான். வைத்துவிட்டான்.

பதினொரு வருடம். அம்மா கதைக்கும்போது பின்னால் சில வேளை அவன் குரல் கேட்கும். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

ஜூலை 20, ஞாயிறு

எந்த முகத்தோடு கேட்பேன்? அதே வசனத்தை எல்லோ திரும்பச் சொல்லவேணும்!

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து எழுதி எழுதி அழித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பொய். நீயும் போயிட்டாய், அம்மாவும் போயிட்டா, காரும் போனால் எனக்கு இஞ்சை ஒண்டும் மிஞ்சாது எண்டு பயந்திட்டன். அதைச் சொல்லத் தெரியேல்லை. நீ அழேக்கையும் சொல்லேல்லை. என்னை மன்னி. இப்ப சொல்லுறது உண்மை: எஞ்சின் செத்துப்போச்சு. எதைப் போடுறதெண்டு நீயும் சொல்லவேணும். பாதி உன்ரை."

ஜூலை 23, புதன்

வாசித்துவிட்டான். இரண்டு கோடும் நீலம். பதில் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

அம்மா தொலைபேசி எடுத்தா. "அவன் ரெண்டு நாளாய் ஒழுங்காச் சாப்பிடேல்லை. என்னடி சொன்னனீ அவனுக்கு?" என்றா. பின்னால் குரல் இல்லை. கதவுச் சத்தமும் இல்லை. பக்கத்தில்தான் நின்றிருக்கிறானோ?

ஜூலை 26, சனி

வந்தது. ஒரே ஒரு வரி.

"கடைசியா ஓடினதுக்குப் பிறகு ஆரும் காரை ஸ்டார்ட் பண்ணி அரக்கினவையா?"

கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இதென்ன கேள்வி என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு ஓடிப்போய் வாட்சரைக் கேட்டேன். அவர் சிங்களத்தில் பெருமையோடு சொன்னார்: மிஸ் இல்லாத ஐந்து நாளும் காலை ஏழு மணிக்கு, மயிலம்மா நோனாவின் கார் கோயிலுக்குப் போகிற நேரம், ஸ்டார்ட் பண்ணி ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு உடனே நிறுத்திவிடுவாராம். பெற்றோல் வீணாகக்கூடாது என்றுதானாம்.

அதை அப்படியே ஜனாவுக்கு எழுதினேன். இந்த முறை பதில் மளமளவென்று வந்தது. ரோட்டரியைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணிச் சூடாகுமுன் நிறுத்தினால் பெற்றோல் உள்ளே தேங்கிவிடுமாம். சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிவிடுமாம். ஒயில் இல்லாவிட்டால் மீட்டரில் மூச்சுக் காட்டாதாம். பிளக்கைக் கழற்று, பெற்றோலை நிற்பாட்டிவிட்டுச் சுற்றவிடு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கரண்டி ஒயில் விடு என்று வரிசையாக எழுதியிருந்தான். கடைசியில்:

"சாகேல்லை. மூழ்கினது."

ஜூலை 27, ஞாயிறு

நிஸாம் நானாவுக்கு நம்பிக்கையே இல்லை. "உங்கட தம்பிக்காகச் செய்றேன்" என்று தொடங்கினார். ஒயில் விட்டோம். சுற்றவிட்டோம். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை ஒரு பெரிய தும்மல், பிறகு ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து என்னுடைய சத்தம் வந்தது. என்னுடையதேதான்.

"யா அல்லாஹ், மையத்து எழும்பின மாதிரி ஈக்கி!" என்று, பிணம் எழும்பினதைக் கண்டவர்போல் நிஸாம் நானா தலையில் கை வைத்தார். பிறகு, "நான் அவசரப்பட்டுட்டேன் மிஸ்" என்று மெல்லச் சொன்னார். கட்டிப்பிடிக்காத குறையாக அவருக்கு நன்றி சொன்னேன்.

நாற்பது விநாடி பதிந்து ஜனாவுக்கு அனுப்பினேன். எழுத்து ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும். அனுப்பின பிறகுதான் உறைத்தது: எஞ்சின் செத்துப்போச்சு என்று இரண்டாம் தடவையும் அவனுக்குப் பொய்தான் சொல்லியிருக்கிறேன்! இந்தப் பிறவியில் அந்த வசனத்தை உண்மையாகச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

"கேட்டனான்." அவ்வளவுதான் அவன் பதில்.

ஜூலை 31, வியாழன்

வேறு ஒன்றும் வரவில்லை. கார் ஓடுகிறது. புத்தகத்தில் எதுவும் மாற்ற வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். இனி அவனிடம் என்னத்தைச் சொல்லிக் கதைப்பது? ஓடுகிற கார் மேலேயே கோபம் வருகிறது. கெட்ட மனம் எனக்கு.

ஆகஸ்ட் 2, சனி

விடிய ஐந்தரைக்குக் கீழே இறங்கி அப்போதுதான் ஸ்டார்ட் பண்ணியிருந்தேன். தொலைபேசி அடித்தது. மெல்பேர்ன் இலக்கம். அம்மாவுக்கு ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"அக்கா, அப்ப எந்த எஞ்சின் போடப்போறாய்?"

குரல் தடித்திருந்தது. பதினொரு வருடம் கூடிய குரல்.

"இது ஓடுதேயடா" என்றேன்.

"தெரியும்." தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "நான் மூண்டு எஞ்சின் பாத்து வைச்சிருக்கிறன். சொல்லட்டே?"

"சொல்லு."

"பொறு. கார் சூடாகீட்டுதே?"

"இல்லை."

"அப்ப நிப்பாட்டிப்போடாதை."

நான் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை. மூன்றாவது எஞ்சினுக்கு வரும்போது மணி ஏழே கால். பின்னால் மயிலம்மா அன்ரி கோயிலுக்குப் போக வழியில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தா.