அப்பா சொன்ன சாட்சி

12 அக்டோபர் 1962, வெள்ளி. தென்காசி.

ஜெயித்தவர் ஓட்டுப் போட வேனில் ஆள் ஏற்றியதாகத் தோற்றவர் தொடுத்த தேர்தல் வழக்கில் இன்று திருநெல்வேலி கோர்ட்டில் அப்பா சாட்சி சொன்னார். ஜெயித்தவருடைய வயலைத்தான் அப்பா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறார்.

"உம்ம மகள் எப்படி ஓட்டுப் போடப் போனாள்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"நடந்துதான் போனா. படிச்ச பிள்ளைக்குக் கால் இல்லையா?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போனவள் நான். எழுந்து சொல்லியிருந்தால் வயல் போயிருக்கும். சொல்லாததால் அப்பா...

திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியதும் அப்பா வீட்டுக்கு வராமல் குற்றாலம் பஸ்ஸில் ஏறினார். நானும் கூடப் போனேன். அருவியில் வேட்டியோடு வெகுநேரம் நின்றார். தலையைக்கூடத் துவட்டவில்லை.

ஈரத்தோடு வாசலில் பார்த்ததும் அம்மா பதறிவிட்டாள். "யாரு வீட்டுத் துட்டிக்குப் போயிட்டு வாரீய? செத்தது யாரு?"

அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அம்மா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.