பழுது பார்த்தவர் ஏறிப் பார்க்கவில்லை

மார்ச் 4

அன்புள்ள பெரியவளுக்கு,

எனக்கு லிஃப்ட்டைக் கண்டால் பயம் என்று இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. மூன்றாம் மாடி டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், மகள் மேனேஜர் ஆனதிலிருந்து எனக்குத் தலைக்கனம், மற்றவர்களோடு லிஃப்ட்டில் நிற்கக் கசக்கிறது என்கிறாள். அதுவும் தவறு. ஐந்து நாட்களாக நாலு மாடியும் நான் படியேறுவதற்குக் காரணம் ஒன்றுதான். அதை லிஃப்ட் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘பழுது பார்த்தவர் ஏறிப் பார்க்கவில்லை.’ கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கான்வென்ட்டில் எங்களைக் கையெழுத்தில்லாமல் எதையும் எழுத விட்டதில்லை.

போன வியாழக்கிழமை லிஃப்ட்டைப் பழுது பார்க்க உன் கம்பெனியிலிருந்து மீசைக்காரர் வந்தார். உன்னோடு பதினைந்து வருடம் வேலை செய்த மனிதர் ஆயிற்றே என்று, கீழ்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். மேலே மோட்டார் அறையில் இரண்டு மணி நேரம் சத்தம். பிறகு சத்தம் நின்றது. அரை மணி காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் காலியாக வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் அவருடைய பைக் கேட்டைத் தாண்டிப் போகிறது.

நீ இருபது வருடம் ஸ்பானர் பிடித்தவள். இந்த லிஃப்ட்டில் வேலை முடிந்ததும் முதலில் நீதான் ஏறுவாய். மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்த பிறகுதான், “ஏறுங்கம்மா” என்பாய். இரண்டாவதாக ஏறுவது நான். அது எனக்குப் பெருமை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

உனக்குப் போன் செய்தேன். “மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்” என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஆகவே முறைப்படி உன் இயக்குநருக்கே புகார் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் உன்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு. கருவி பிடிக்கத் தெரிந்தவர்களைக் காகிதத்தின் முன் உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும், என் மகளைப் பழைய வேலைக்கே அனுப்புங்கள் என்று எழுதினேன்.

இன்னொன்று. ஐந்து மாதமாக உன் கடிதங்கள் தட்டச்சில் வருகின்றன. மேனேஜர் ஆனால் பேனா பிடிக்கக் கூடாது என்று விதியா? பெற்றவள் என்ற நினைப்பிருந்தால் கையால் எழுது.

மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

இதுவும் தட்டச்சுதான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் புகாரை இயக்குநர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதினோரு பேர் முன்னால் வாசித்தார். வாசித்துவிட்டு, “இவங்க நிஜமாவே உங்க அம்மாவா?” என்று கேட்டார். “பெத்தவங்க சார்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இந்தப் பதவியில் எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். வருகிற முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் கடிதம் இப்போது என் கோப்பில் இருக்கிறது.

மீசைக்காரரை விசாரிக்க வேண்டியதும் நான்தான். என் டிபன் டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்ட மனிதரிடம், “ஏறிப் பாத்தீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“ஏறாம வருவேனா? மேல இருந்து அடியில வண்டி நிறுத்துற தளம் வரைக்கும் மூணு தடவை. பைக் அங்கதான் நின்னுச்சு, பையைக் கட்டிட்டு அப்படியே கெளம்பிட்டேன். அம்மா வாசல்ல காவலுக்கு உக்காந்திருக்கிறது எனக்கெப்படித் தெரியும்?”

லிஃப்ட்டிலுள்ள கேமராப் பதிவையும் பார்த்தேன். மூன்று தடவை ஏறியிருக்கிறார். நீங்கள் உட்கார்ந்திருந்த வாசலில் மட்டும் லிஃப்ட்டை நிறுத்தவில்லை. நான் பதிவைப் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. “அம்மா நம்பலைன்னா பரவால்ல. நீயுமா?” என்றார்.

இப்போது காரணம். போன ஜூலையில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது ஸ்பானர் என் கையிலிருந்து விழுந்தது. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் அம்மா. விரல்களில் உணர்வே இல்லை. கீழே லிஃப்ட் குழியில் மீசைக்காரர் நின்றிருந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் நானே இயக்குநரிடம் போய்ச் சொல்லி, வேறு வேலை கேட்டேன். என்னை யாரும் காகிதத்தின் முன் உட்காரவைக்கவில்லை. நான் கேட்டு உட்கார்ந்தேன்.

உங்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எம்பொண்ணு கையில ஒரு திருகாணி தவறினதில்ல” என்பீர்கள். பேனாவும் இப்போது அப்படித்தான் தவறுகிறது.

பழைய வேலைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே இனி எனக்கு இடமில்லை. இங்கேயும் இல்லையென்று ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகள்
(கையெழுத்து கோணலாக இருக்கும்.)


மார்ச் 15

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கோணல் கையெழுத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன்.

கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டேன். அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், ‘பழுது பார்த்தவர் மூன்று முறை ஏறிப் பார்த்தார். முன்பு எழுதியது என் தவறு’ என்று ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் நின்று நிதானமாகப் படித்தாள்.

“என்னக்கா, தோத்துட்டீங்களா?”

“ஆமா. படிச்சாச்சில்ல, ஏறு.”

அவளோடுதான் ஏறினேன். லிஃப்ட் நன்றாகப் போகிறது. முன்பைவிடச் சத்தம் குறைவு.

இயக்குநருக்கும் எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், என் மகளின் வேலையைப் பற்றி எழுத எனக்கு உரிமை கிடையாது என்று இரண்டே வரி. உன் கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மீசைக்காரரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஜூலையில் அவர் வாயைத் திறக்காததற்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் உதவுமா, தெரியாது. கோப்பில் சேர்ந்தது சேர்ந்ததுதான். உன் அப்பா இருந்திருந்தால், “போஸ்ட் பண்ணாம ரெண்டு நாள் வெச்சிருந்து பாரேன்” என்றிருப்பார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

திருகாணிப் பேச்சை இனிமேல் யாரிடமும் பேச மாட்டேன். கை தவறியதை மறுநாளே போய்ச் சொன்னவள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதையும் உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

எந்த விரல்கள்? வலது கை மட்டும்தானா? டாக்டர் என்ன சொன்னார்? சட்டைப் பொத்தானை நீயே போட்டுக்கொள்ள முடிகிறதா? போனில் கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்று முடித்துவிடுவாய். அதனால் எழுத்தில் கேட்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி அவர்கள் எது சொன்னாலும் அதையும் சேர்த்து எழுது.

தட்டச்சிலேயே பதில் எழுது.

அம்மா