எண்ணெய் ஒதுங்கும் பக்கம்

மார்ச் 3
முட்டையை உடைத்து ஊற்றினேன். மஞ்சள் கரு நடுவில் நிற்காமல் ஜன்னல் பக்கமாக நகர்ந்து போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் அந்தப் பக்கமே ஓடியது. ஒரு பாதி தீய்ந்து, மறுபாதி எண்ணெயில் மிதக்கிற முட்டையை அக்காவின் தட்டில் வைத்தேன். "நாப்பத்தெட்டு வயசாச்சு. ஒரு முட்டையை ஒழுங்கா போடத் தெரியல" என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மார்ச் 4
அடுப்பின் ஜன்னல் பக்கக் கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். சரியாகிவிட்டது. வேலையில் நாளெல்லாம் நான் சொல்கிற வைத்தியம்தான். வாஷிங் மெஷின் ஆடுகிறது, ஃப்ரிட்ஜ் கதவு தானாகத் திறக்கிறது என்று யாராவது போனில் புலம்பினால், "காலுக்கு அடியில அட்டை வெச்சுப் பாருங்கம்மா" என்பேன். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும். பதினாறு வருடமாக ஊராரின் புகாரைக் கேட்டுச் சம்பாதிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் அக்காவின் புகார்.

மார்ச் 7
கீழே ஒரு வாரமாக இடிக்கிற சத்தம். சாப்பாட்டுக் கடையைப் பெரிதாக்குகிறார்கள். கட்டடமே கடைக்காரருடையதுதான். கீழ்த்தளம் கடை, முதல் மாடி அவருடைய சாமான் அறை, இரண்டாவதில் குழந்தைகளோடு ஒரு குடும்பம், மூன்றாவதில் நாங்கள். தூசிக்கும் சத்தத்துக்கும் ஈடாக மத்தியானம் தோறும் அக்காவுக்குக் கடையிலிருந்து சாப்பாடு வருகிறது. இன்று கோழி வறுவலும் சூப்பும். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படி இறங்காதவளுக்கு இது பெரிய விஷயம்தான். சமதரையில் வாக்கரை ஊன்றி நாலடி நடப்பாள், படி ஆகாது. "கடைக்காரத் தம்பிக்கு என்ன மனசு பாரு" என்று எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 9
அட்டை போதவில்லை. எண்ணெய் மறுபடி ஜன்னலுக்குப் போகிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுப்பையே முன்பின்னாகத் திருப்பி வைத்தேன். அடுப்பு கோணல் என்றால் எண்ணெய் இப்போது சுவர்ப் பக்கம் அல்லவா போக வேண்டும்?

ஜன்னலுக்குத்தான் போனது.

அப்படியென்றால் கோணல் அடுப்பில் இல்லை. வாணலியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றிருந்தேன். "என்னடி, எண்ணெய்ல ஜோசியம் பாக்கிறியா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

மார்ச் 12
குளியலறைக் கதவு தாழ்ப்பாள் விழவில்லை. ஜன்னலுக்கு மேலே சுவரில் முடி அளவு ஒரு விரிசல். அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பழைய விரிசலாக இருக்கும். இருக்கட்டும், கோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 14
விரிசல் கோட்டைத் தாண்டி என் சுண்டுவிரல் நீளம் போயிருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தேன். நடுவில் இருந்த தூணைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்து, பெயின்ட் அடித்து, செயற்கைக் கொடி சுற்றியிருந்தார்கள். "தூண் எங்கே?" என்றேன்.

"அது சும்மா நின்னுட்டிருந்த தூண்க்கா. சாப்பிட வர்றவங்களுக்கு மறைக்குது. எங்க மேஸ்திரி முப்பது கட்டடம் பாத்தவரு" என்றார் கடைக்காரர். சிரித்த முகம். திட்டவும் வரவில்லை. "நாளைக்கு அக்காவுக்கு மீன் அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

வேலைக்குப் போய், சாப்பாட்டு இடைவேளையில் மாநகராட்சிக் கட்டட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்." நானும் இதே குரலில்தான் சொல்வேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 18
அதிகாரி வந்தாராம். நான் வேலையில். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கடைக்குள் போனவர் ஒரு மணி நேரம் கழித்துப் பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார், மேலே ஏறவேயில்லை. மாலையில் எனக்குக் குறுஞ்செய்தி: புகார் தீர்க்கப்பட்டது.

எனக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நானே அனுப்புகிறேன்.

மார்ச் 21
எங்கள் கம்பெனி மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். மெஷினை மட்டம் பார்க்க ரசமட்டம் வைத்திருப்பான். சமையலறைத் தரையில் வைத்தான். உள்ளே இருக்கிற குமிழி நடுவுக்கு வரவேயில்லை, ஒரே ஓட்டமாகச் சுவர்ப் பக்கம் போய் நின்றது. கூடத்தில் வைத்தான், அங்கேயும் அப்படியே. மூன்றாவது இடத்தில் வைக்காமலே எழுந்துவிட்டான்.

"மெஷினா இருந்தா காலைத் திருகிச் சரி பண்ணிடலாம்க்கா. இதுக்கு நான் என்ன பண்ண?" என்றான். டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று இறங்கிப் போனான். எங்கள் வீட்டில் டீ வேண்டாம் என்று அவன் சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 22
அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை இருக்கிறது, போய்விடலாம் என்றேன்.

"நான் வரல."

"ஏன்?"

"நாலு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு இறங்குவாங்க. தெருவே நின்னு வேடிக்கை பாக்கும். அதுக்கு இங்கேயே கிடக்கிறேன்."

"இடிஞ்சு விழுந்தா?"

"உனக்குத் தம்பியைக் கண்டாலே ஆகாது. அதான் விரிசல் விரிசல்னு கிளம்பியிருக்கே. ஒண்ணு கேக்கிறேன், பதில் சொல்லு. இந்த ரெண்டு வருஷத்துல என்கிட்ட ஒருத்தராவது 'இன்னிக்கு என்ன சாப்பிடணும்'னு கேட்டீங்களா? அவன் கேக்கிறான். தெனமும் கேக்கிறான்."

கேட்கவில்லைதான். இருப்பதைப் போட்டு, தட்டை நீட்டி, பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. சண்டையில் நான் அழுதால் அவள் ஜெயித்த மாதிரி, அதனால் குளியலறைக்குப் போய் அழுதேன். கதவுதான் சாத்த முடியவில்லை.

மார்ச் 25
விரிசலுக்குள் இப்போது ஓர் அரிசி நுழைகிறது. நுழைத்துப் பார்த்தேன்.

மார்ச் 27
இரண்டாவது மாடிக்காரியிடம் சொன்னேன். "ஆமாங்க, பந்தை விட்டா தானா ஜன்னலுக்கு ஓடுது. பசங்களுக்கு ஒரே குஷி" என்று சிரித்தாள். தரையில் இரண்டு குழந்தைகளும் பந்தோடு உட்கார்ந்திருந்தன. விட்டன, ஓடியது. திரும்ப எடுத்து வந்து விட்டன.

மார்ச் 29
கடையின் புதுக்கூடம் திறக்கிறார்களாம், இரண்டாம் தேதி. கடைக்காரரே மேலே வந்தார். "முதல் சாப்பாடு நீங்கதான்க்கா சாப்பிடணும். நல்ல நாற்காலி, நாலு ஆளு, ராஜாத்தி மாதிரி இறக்கிடுறோம்." அக்கா வெட்கப்பட்டாள். மூட்டை மாதிரி என்றால் மாட்டாளாம், ராஜாத்தி மாதிரி என்றால் வருவாளாம். பெட்டியிலிருந்து நல்ல துணியை எடுத்து இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறாள்.

அதுவும் எங்கே? அந்தத் தூண் இருந்த இடத்திலேயே.

மார்ச் 31
இஸ்திரி போட்டுக்கொண்டே ஒன்று தோன்றியது. எப்படியும் அவள் கீழே வரப் போகிறாள். அவர்கள் பாடு இறக்குவதோடு சரி. தரைத்தள அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன், வேனோடு வாசலில் நிற்பான். இது துரோகமா? துரோகமாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 2
இறக்கினார்கள். கடைசிப் படி தாண்டி, நாற்காலியைக் கடைக்குள் திருப்பப் போகும்போது நான் குறுக்கே நின்றேன். "வேன்ல ஏத்துங்க" என்றேன். தூக்கி வந்த நான்கு பேரில் மீசைக்கார சமையல்காரர் மட்டும் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேன் பக்கம் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

அக்கா கத்தினாள். தெரு முழுக்க நின்று பார்த்தது. எதற்குப் பயந்தாளோ அதையே நான் செய்தேன். கையில் பரிமாறும் கரண்டியோடு கடைக்காரர் வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஏப்ரல் 5
அக்கா என்னோடு பேசவில்லை. நான் சமைத்ததைத் தொடவில்லை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்கிறாள், நான் பார்க்கும்படி.

ஏப்ரல் 11
ஒன்றும் ஆகவில்லை. கட்டடம் கல் மாதிரி நிற்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன், கடையில் உட்கார இடமில்லை. "என்னக்கா, விழுந்துடுச்சா?" என்று தெருமுனைக் கடைக்காரி பஸ் ஜன்னலைப் பார்த்துக் கேட்டுச் சிரித்தாள்.

எழுதக் கூடாது, ஆனால் எழுதுகிறேன். விழுந்து தொலைந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்பதற்காக. என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

ஏப்ரல் 13
இன்று காலையில் முட்டை. அங்கிருந்து கொண்டுவந்த அதே அடுப்பு, அதே வாணலி, அடியில் அட்டை இல்லை. மஞ்சள் கரு நடுவில் நின்றது, நகரவில்லை. நிமிர்ந்தால் அக்கா வாக்கரை ஊன்றி என் பின்னால் நிற்கிறாள். வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இப்படி நிக்காதில்ல?" என்றாள். பதினோரு நாள் கழித்து முதல் பேச்சு.

"நிக்காது."

முட்டை முழுவதையும் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 16
நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு ஓர் அழைப்பு. புதிதாகக் குடிவந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவு தானாகத் திறக்கிறதாம். வாய் தானாகச் சொல்லியது, காலுக்கு அடியில அட்டை வெச்சுப் பாருங்கம்மா. "வெச்சுட்டேங்க, நிக்குது. ரொம்ப நன்றி" என்றாள். புகாரை மூடுவதற்கு முகவரி வேண்டும், கேட்டேன்.

எங்கள் தெரு. எங்கள் கதவு எண். மூன்றாவது மாடி.

"அம்மா, அந்த அட்டையை எடுத்துடுங்க" என்றேன்.

"நீங்கதானே வைக்கச் சொன்னீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல கோளாறு இல்லம்மா. வீடே சாயுது. வெளியே வந்துடுங்க."

"ஓ, நீங்கதானா அது. முன்னாடி இருந்த அம்மாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லன்னு ஓனர் சொன்னாரு" என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் காலி செய்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, ஆளை வைத்துவிட்டார். பேச்சு பதிவாகியிருக்கிறது. மேலாளர் கூப்பிட்டு, வாடிக்கையாளரைப் பயமுறுத்தினேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். புகாரை மூடச் சொன்னார். மாட்டேன் என்றேன். பதினாறு வருடத்தில் நான் மூடாத ஒரே புகார்.

அக்காவிடம் சொன்னேன். "நாளைக்கு என்னை அங்க கொண்டு போய் விடு. எதிர்ப் பக்கம் ஒரு நாற்காலி போடு" என்றாள்.

"தெருவே பாக்கும்க்கா."

"பாக்கட்டும். அதான் ஏற்கெனவே பாத்துடுச்சே."

ஏப்ரல் 18
இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாள், கடைக்கு நேர் எதிர் நடைபாதையில். உள்ளே போகிறவர்களை நிறுத்தி, "அங்க ஒரு தூண் இருந்துச்சு, எடுத்துட்டான். நான் மேல குடியிருந்தவ" என்கிறாள். குரல் அவளுக்கு எப்போதும் பெரிது. சிலர் சிரித்துக்கொண்டே போகிறார்கள், சிலர் திரும்பிப் போகிறார்கள்.

கடைக்காரர் விரட்டவில்லை. மத்தியானம் தட்டில் சோறும் மீனும் எடுத்துக்கொண்டு அவரே தெருவைத் தாண்டி வந்தார். "சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்கக்கா, பொழப்பைக் கெடுக்காதீங்க." அக்கா தட்டைத் தொடவில்லை. "அந்தத் தூணை வெச்சுட்டு வா, சாப்பிடுறேன்" என்றாளாம்.

ஏப்ரல் 20
இரண்டாவது மாடிக்காரி குழந்தைகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பந்தைக்கூட எடுத்துக்கொண்டார்களாம். அக்காவுக்கு ஒரே பெருமை.

ஏப்ரல் 22
ஃப்ரிட்ஜ்காரியும் இறங்கிவிட்டாள். மறுபடி கதவு திறந்துகொண்டதாம். ஐந்து அட்டை வைத்தும் நிற்கவில்லையாம். ஃப்ரிட்ஜை இறக்க ஆள் கிடைக்காமல் அப்படியே விட்டுப் போயிருக்கிறாள்.

கடையில் இன்று கூட்டம் பாதிதான். ஆனாலும் அடுப்பு எரிகிறது.

ஏப்ரல் 23
காலை பதினொன்று நாற்பது. சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்.

கடைக்காரர் தட்டோடு தெருவைத் தாண்டி வந்து அக்காவின் முன்னால் குனிந்து நின்றிருந்தாராம். "இன்னிக்கு என்னக்கா சாப்பிடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய முதுகுப் பக்கம்தான் எல்லாம் நடந்தது. திரும்பியபோது அங்கே கட்டடம் இல்லை, தூசி மட்டும் இருந்தது என்கிறாள் அக்கா.

இடிபாட்டுக்கு அடியில், சமையல்கட்டில் இரண்டு பேர். ஒருவர் அந்த மீசைக்காரர், அன்று கேள்வி கேட்காமல் நாற்காலியை வேன் பக்கம் திருப்பியவர்.

ஏப்ரல் 25
இரண்டு பேரின் உடலையும் எடுத்துவிட்டார்கள். அக்காவிடம், "இன்னிக்கு என்ன சாப்பிடணும்?" என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். இனி தினமும் கேட்பேன்.

மே 2
வேலைக்குத் திரும்பினேன். நான் மூடாமல் விட்ட புகாரைத் தேடினேன். காணவில்லை. மூடிய புகார்களின் பட்டியலில் இருந்தது, மேலதிகாரிகளில் யாரோ மூடியிருக்கிறார்கள். தீர்ந்தது என்று போட முடியாதல்லவா, அதனால் காரணம் என்ற கட்டத்தில் இருக்கிற வார்த்தைகளில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: அப்படி ஒரு முகவரி இல்லை.