அழுத்தினால் வலது, விட்டால் இடது

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில். ஒன்றும் காயவில்லை.

குற்றாலம் ஐந்தருவி ரோட்டு விடுதிக்கு இரண்டு தேக்சா அண்டாவில் நெய்ச்சோறு, ஒரு தேக்சாவில் பருப்புத் தாளிச்சா. மதுரையிலிருந்து சீசனுக்கு வந்த கும்பல். பதினொரு மணிக்குக் கடையநல்லூரை விட்டுக் கிளம்பினோம். லோடு வேனில் நான் ஸ்டியரிங்கில், ரகுமத்து லாத்தா பக்கத்தில். லாத்தா எனக்கு அக்கா முறை, என்னோடு அடுப்படியில் நிற்பவள், ஏற்றி இறக்குவதும் அவள்தான்.

இடைகால் தாண்டி ஒரு மாடு குறுக்கே. பிரேக்கை அழுத்தினேன். வண்டி வலது பக்கம் போகிறது! எதிரே பஸ். பதறிக் காலை எடுத்தால், இப்போது இடது பக்கம், மண்ணில் இறங்கப் பார்க்கிறது. யா அல்லாஹ்.

லாத்தா: "ஏட்டி, சோத்தோட சேத்து நம்மளையும் மையவாடிக் குழியில எறக்கவா பாக்க?"

மறக்காமல்:
பிரேக் அழுத்தினால் - வ.
விட்டால் - இ.
சும்மா ஓடும்போது - லேசாக இ. போகப் போகக் கூடுது.

வாங்க: மைதா 2 கிலோ (மூடி ஒட்ட), பட்டை, லாத்தாவுக்கு முட்டுவலித் தைலம்.

ஜூலை 6, ஞாயிறு

மழை இல்லை. காற்று மட்டும்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கு வாய்ஸ் அனுப்பினேன். சவுதியிலிருந்து பதினோரு வாய்ஸ் திரும்பி வந்தது. பதினொன்றிலும் ஒரே கேள்வி.

"வலதா இடதா? ஒண்ணச் சொல்லு ஏட்டி. ஒரு வண்டி ரெண்டு பக்கமும் எப்படி இழுக்கும்?"

"ரெண்டு பக்கமும்தாங்க இழுக்குது."

"வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கா? நான் இருபது வருசமா டிரைலர் ஓட்டுதேன். எனக்கே கத சொல்லுதியா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. இந்த வண்டியை வாங்கியது அவர்தான், ஒத்துக்கொள்கிறேன். தன் தம்பி சாகுல் ஓட்டிப் பிழைக்கட்டும் என்று வாங்கினார். சாகுல் மொபைல் கடை வைத்துக்கொண்டான். வண்டி ஒரு வருடம் கொட்டகையில் நின்றது, அதில் கோழி முட்டையிட்டது. நான் அச்சன்புதூர்க்காரர் ஒருவரிடம் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, தேக்சாவை ஏற்றினேன். மூன்று வருடமாக ஒரு கீறல் இல்லை. வண்டி நின்றால் குற்றாலத்து ஆர்டர் எல்லாம் நின்றுபோகும்.

கடைசி வாய்ஸ்: "அலைன்மென்ட் பாரு. இனிமே சாகுல் ஓட்டட்டும்." எதற்கு இந்த இரண்டாவது வாக்கியம்? புரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தென்காசி ஒர்க்‌ஷாப். சாகுலையும் கூட்டிக்கொண்டு போனது என் தப்பு. மெக்கானிக் கேள்வியை எல்லாம் அவனிடம் கேட்டார். பதிலை எல்லாம் நான் சொன்னேன். அவர் மறுபடியும் அவனைப் பார்த்தார்.

அலைன்மென்ட் பார்த்தாயிற்று. முன் பிரேக் பேடு இரண்டு பக்கமும் புதுசு. டை ராடு முனை தேய்ந்திருக்கிறதாம், அதுவும் புதுசு. பிறகு அந்தத் தெருவிலேயே இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார்.

"அம்பு மாதிரி போவுது தம்பி. அக்கா ஸ்டியரிங்க ரொம்ப இறுக்கிப் புடிக்காவ போல."

அக்கா அங்கேயேதான் நின்றேன்.

திரும்பும்போது இலத்தூர் வரை நேராக வந்தது. அட, என் கைதான் சரியில்லை போல என்று இருந்தது. இடைகாலில் வேகத்தடை. அழுத்தினேன், வ. விட்டேன், இ. சவம்.

ஜூலை 10, வியாழன்

சாரல். வெங்காயம் எல்லாம் ஈரம் கோத்துவிட்டது.

யார் யார் என்ன சொல்கிறார்கள்:
மாப்பிள்ளை - அலைன்மென்ட். பார்த்தாச்சு என்றால், சரியாகப் பார்க்கவில்லை.
சாகுல் - டயர். முன் டயரை இடம் மாற்றிப் போட்டான். இழுப்பு மாறவில்லை.
தென்காசி மெக்கானிக் - என் கை.
பெட்ரோல் பங்க்கில் காற்று அடிப்பவர் - ஸ்டியரிங் பெட்டி. கழற்றினால்தான் தெரியுமாம்.
லாத்தா - கண்ணேறு. பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரைப் பானெட்டில் தெளித்தாள். கொஞ்சம் என் தலையிலும்.
நான் - தெரியாது.

அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் கையை நீட்டி வலது, இடது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயதில்! சரியாகத்தான் சொல்கிறேன். ஆனால் நான் சொல்வதை ஒருத்தரும் நம்பாவிட்டால் சந்தேகம் வரத்தானே செய்யும். எனக்கு உடம்புக்கு ஏதாவதா? கண்ணா? ஒரு பக்கத்துக் கால் மட்டும் பலமாக அழுத்துகிறேனா? பிரேக்குக்கு இருப்பதே ஒரு பெடல், ஒரு கால். என்ன யோசனை இது.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஜூலை 12, சனி

மானம் போச்சு.

அதே விடுதி, நூறு பேர். தென்காசி தாண்டியதும் லாத்தா மூக்கை உறிஞ்சினாள். "ஏட்டி, அடிப்பிடிக்கிற வாடை வருதே." எனக்கும் வந்தது. கருகல். தேக்சாவுக்கு மேலே போட்ட கங்கு அதிகமோ, அடியில் சூடு நின்றுவிட்டதோ. நூறு பேர் சோறு. ஓரமாக நிறுத்தினேன். மைதா ஒட்டியிருந்த மூடியைக் குத்தி எடுத்து, அகப்பையை அடி வரை விட்டுப் பார்த்தேன். ஒரு பருக்கை கருகவில்லை. வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. ஆவி எல்லாம் போய்விட்டது.

அடுத்த தேக்சா. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அதன் ஆவியும் போனது.

விடுதியில் பரிமாறும்போது சோறு விறைத்துக் கிடந்தது. ஒரு பெரியவர், "போன வாட்டி பஞ்சா இருந்துதே, இன்னைக்கு என்னம்மா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மறுசோறு கேட்காமல் இலையை மடக்கினார்.

கருகாத சோற்றில் எப்படிக் கருகல் வாடை? மூக்கும் போய்விட்டதா எனக்கு?

தேக்சாக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கழுவி வைப்பார்கள். திங்கள் எடுக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளை உத்தரவு. சாகுல் ஓட்டிப் பார்த்தான், நான் பக்கத்து சீட்டில். பஜார் வரை போய்த் திரும்பினோம். பத்து நிமிடம்.

"ஒண்ணுமில்ல மைனி. நல்லாத்தான் இருக்கு."

அவன் முகத்தில் கேலி இல்லை. பாவம் பார்க்கிற முகம். அதுதான் இன்னும் மோசம்.

மத்தியானம் போன். "சாவிய சாகுல்ட்ட குடு. நீ ஓட்டுனது போதும். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

"எப்ப வாரீய?"

லைன் சரியில்லை என்றார். எனக்கு லைன் நன்றாகத்தான் கேட்டது.

எப்போதும் இல்லாமல் இந்த வண்டி மேல் என்ன இவ்வளவு அக்கறை? கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள். லாத்தா மட்டும், "ஒரு கிலோவுக்கு இம்புட்டுக் கண்ணீரா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சேர்ந்து அழுதாள்.

ஜூலை 14, திங்கள்

எழுதக் கை பறக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் சாகுல் வந்து நின்றான். கடைக்குச் சரக்கு வருகிறதாம். "மைனி, இன்னைக்கு ஒரு நாளு நீங்களே போயி பாத்திரத்த எடுத்துட்டு வந்திருங்க. சவுதியில இருக்க காக்காட்ட மட்டும் சொல்லிராதீய." சாவியை என் கையில் வைத்துவிட்டு ஓடினான். நல்லா இருக்கு நியாயம்.

லாத்தாவும் நானும் போய்க் கழுவிய தேக்சாக்களை ஏற்றினோம். திரும்பி வரும்போது இலத்தூர் பக்கம் அதே வாடை. கருகல்.

லாத்தா திரும்பிப் பின்னால் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெறும் தேக்சா எப்படி அடிப்பிடிக்கும்?

சோறு இல்லை. அப்படியானால் வண்டி.

ஓரமாக நிறுத்தி இறங்கினேன். சாரல் நின்றிருந்தது. கையை வைத்தால் பொத்துப்போகும் என்று பயம். தோசைக்கல் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்போம்? பாட்டிலில் இருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் தெளித்தேன்.

பின் வலது - சத்தம் இல்லை.
பின் இடது - இல்லை.
முன் வலது - லேசாக ஆவி.
முன் இடது - சுர்ர்ர்ர்!

லாத்தா, "பணியாரமே ஊத்தலாம் போலிருக்கே!" என்று கத்தினாள். மறுபடியும் தெளித்தேன். மறுபடியும் சுர்ர்ர். நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

ஆற விடாமல் பக்கத்திலேயே இருந்த ஒரு தகரக் கொட்டகைக்கு விட்டேன். முருகையா அண்ணாச்சி. அறுபது வயது இருக்கும், லாரி வேலை பார்க்கிறவர். ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைச் சுற்றினார். அசையவில்லை. நான் பிரேக்கில் காலே வைக்கவில்லை.

"பிரேக்க விட்டும் இது புடிச்சிக்கிட்டே இருக்கு, பாத்தியா?" என்றார். உள்ளே கையை விட்டு ஒரு சின்ன நிப்பிளைத் தளர்த்தினார். ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. சக்கரத்தைத் தட்டினார், தன்னால் சுற்றியது.

நான் இந்த நோட்டை எடுத்து 5ஆம் தேதி எழுதியதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இத யாரும்மா எழுதுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"எல்லாம் இதுலயே இருக்கே தாயி. இதப் படிச்சிட்டா அலைன்மென்ட் பாத்தானுவ?"

அவர் சொன்னது: இடது சக்கரத்துக்கு ஆயில் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நல்லா இருக்கிறது, உள்ளே ஊறி அடைத்திருக்கிறது. அழுத்தினால் இடது பக்கத்துக்கு ஆயில் பையத்தான் போகும், வலது பிரேக் முந்திக்கொண்டு பிடிக்கும், வண்டி வலது பக்கம் போகும். காலை எடுத்தால் இடது பக்க ஆயில் திரும்ப வழி இல்லை, பிடித்தது பிடித்தபடி, வண்டி இடது பக்கம் போகும். சூடு ஏற ஏற இன்னும் மோசம். "தெருவுல ரெண்டு ரவுண்டு அடிச்சா எப்படித் தெரியும்? இருபது கிலோமீட்டர் ஓட்டுதவளுக்குத்தான் தெரியும்."

நோட்டைத் திரும்ப வாங்கி அந்தப் பக்கத்தை நானே இன்னொரு முறை படித்தேன்.

வண்டி அங்கேயே நிற்கிறது. பஸ்ஸில் வந்தோம்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில்! துணி காய்ந்தது.

முன்னால் இரண்டு பக்கமும் புது ஹோஸ். பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்க ஒரு ஆள் பெடலில் வேண்டும் என்றார் அண்ணாச்சி. நான் ஏறினேன். "அமுக்கு... புடி... விடு." நாற்பது தடவை இருக்கும். கால் கடுத்துவிட்டது, ஆனால் பெடல் கல் மாதிரி நின்றது.

அங்கிருந்தே நேராகக் குற்றாலம், திரும்ப வீடு. வேண்டுமென்றே பத்து இடத்தில் பிரேக் அடித்தேன். வ. இல்லை, இ. இல்லை. வீட்டில் நிறுத்தி நாலு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் சத்தம் போடவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரே வாய்ஸ், நாலு நிமிடம். இருந்த கோபம் எல்லாம் அதில். கேட்டுவிட்டார், நீல டிக் விழுந்தது.

ஜூலை 16, புதன்

காலை ஏழு மணிக்குப் போன். நூறு பேருக்கு இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்தினேன்.

"வண்டி சரியாயிட்டாமே."

"ஆமா. நான் மொத நாளு சொன்னதுதான். ஏங்க, ஒரு வார்த்த என்னைய நம்பக் கூடாதா?"

இஞ்சிக் கையைத் துடைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"நம்பாம இல்ல ஏட்டி" என்றார். "கம்பெனியில ஆளக் கொறச்சிட்டானுவ. மூணு மாசம் ஆச்சி எனக்கு வேல போயி. ஊருக்கு வந்து என்ன செய்ய? ஓட்ட மட்டுந்தான் தெரியும். நம்ம வண்டியத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒனக்கு ஓட்ட வரலன்னு ஆயிட்டா, நான் கேக்காமலே என் கைக்கு வந்துரும்லா."

கோபம்தான் வர வேண்டும். என்னை என் கையையே சந்தேகப்பட வைத்திருக்கிறார். கோபம் வந்தது. ஆனால் மூன்று மாதம் எங்கே படுத்தார், யார் சோறு போட்டார்கள்? இங்கே நான் நூறு பேருக்கு வடித்துக்கொட்டுகிறேன்.

"கிளம்பி வாங்க" என்றேன். "வண்டிய நான்தான் ஓட்டுவேன். அதையும் இப்பமே சொல்லிட்டேன்."

"அப்ப நான் என்ன செய்யட்டும், பாத்து?"

ஏட்டி என்று இல்லை, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருடம். அவர் என்னிடம் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை.

"மொதல்ல டிக்கெட்டப் போடுங்க" என்றேன்.