குப்பைக் கூடையில் கிடந்த மேகமூட்டம்

கலா,

காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன். ஆட்டோவில்தான், பயப்படாதே. சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டு நீ வைத்த உப்பில்லாத ரசத்தைத் தொடவில்லை. கழுநீரே தேவலாம்.

தலைசுற்றுகிற நாளையும் அன்றைய வானிலையையும் குறித்துவரச் சொல்லியிருந்தார். காற்றழுத்தம் மாறினாலே சிலருக்கு உள்காது தகராறு செய்யுமாம். நான் தினசரி காலண்டரில் குறித்தேன். நீ விடிந்ததும் பக்தியாகக் கிழித்துப் போட்டிருக்கிறாய்! "மேகம் மலை மேல இருக்குது, உங்க காது இங்க இருக்குது. என்னங்க சம்பந்தம்?" என்று கேலி வேறு.

நாலு நாளாகக் கொட்டாத குப்பைக் கூடைக்குள் தோள்வரை கையை விட்டேன். முட்டை ஓடு, காபிச் சக்கை, அழுகின தக்காளி. உவ்வே! அந்த நாற்றத்துக்கு மலையே மூக்கைப் பொத்தியிருக்கும். நாலு தாளும் கிடைத்துவிட்டன. மூன்றில் 'மூட்டம், சுற்றல்'. ஜெயித்தேன்!

திருமலை

பி.கு.: நாலாவதில் 'நல்ல வெயில், பயங்கரச் சுற்றல்'. அன்றைக்கு உனக்குத் தெரியாமல் அரை ஜாடி எலுமிச்சை ஊறுகாய் தின்றேன். அந்தத் தாளைக் கூடையிலேயே போடப் பார்த்தேன், மனசு வரவில்லை. அதையும் டாக்டரிடம் காட்டுகிறேன். நான் வருவதற்குள் ஜாடியை எங்கேயாவது ஒளித்து வை.