வாலில் நின்ற கப்பல்

திருவொற்றியூர் குப்பம்
பிப்ரவரி 22

அன்பு மகன் அர்ஜுனுக்கு,

நைனா எழுதுகிறேன். கோடு போட்ட தாளில் எழுதியும் எழுத்து அலைமேல் போகிற மாதிரி ஏறி இறங்குகிறது, பொறுத்துக்கொள். ‘ழ’ போடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக எழுதுகிறேன், இதுதான் நான் யாருடைய உதவியும் இல்லாமல் எழுதும் முதல் கடிதம். நானும் அம்மாவும் சுகம். போர்ட் பிளேரில் உனக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். ஐஸ் கம்பெனியில் கையுறை கொடுக்கிறார்களா என்று அம்மா கேட்கிறாள்.

இங்கே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு முடிந்து எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு எடுத்த நர்மதா டீச்சர் நூலகத்திலிருந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். அதில் இருப்பது, இருநூற்று நாற்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் போட்ட சண்டை. மாசி மாதம், பிப்ரவரி பதினேழு. பிரெஞ்சுக் கப்பல்கள் பழவேற்காட்டுப் பக்கமிருந்து தெற்கே வந்ததாகப் போட்டிருக்கிறது. அப்படியானால் நம் கரையைத் தாண்டித்தானே போயிருக்கும்? அந்த வரியைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். எண்ணூர் புகைக்கூண்டுகள் இல்லாத வானம், துறைமுகக் கல் இல்லாத கடல், அதில் வெள்ளைப் பாய் வெள்ளைப் பாயாக மெதுவாகப் போகிறது. நான் பார்த்த மாதிரியே இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்தச் சண்டையை நம் மாடியிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சிரிக்காதே. மீன் பெட்டித் தெர்மாகோலை அறுத்துக் கப்பல் செய்தேன். ஈர்க்குச்சி பாய்மரம், பால் கவர் பாய், கவிழாமல் இருக்க அடியில் வலை ஈயக்குண்டு. செங்கல் அடுக்கி மேலே தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டினேன். லாரித் தண்ணீரைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அம்மா சொன்னதால் கடலிலிருந்தே கேனில் சுமந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற தண்டபாணி பிரெஞ்சுக்காரன், நான் இங்கிலீஷ்காரன். எனக்கு ஒன்பது கப்பல், அவனுக்கு அதைவிட அதிகம். பீரங்கிப் புகைக்கு ஒவ்வொரு கப்பலிலும் ஊதுவத்தித் துண்டு. இந்த வயசில் ரெண்டு கெழங்களும் கப்பல் வுடுதுங்க பார் என்று பக்கத்து மாடியிலிருந்து ஷாலு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தாள். தண்டபாணி என்னைக் கூப்பிடுகிற மாதிரி அவளையும் அட்மிரல் என்றே கூப்பிடுகிறான்.

பதினேழாம் தேதியே வைத்துக்கொண்டோம். புத்தகத்தில் உள்ளபடி காற்று வடகிழக்கு. என் கப்பல் வரிசையில் முன்னால் போன நாலும் தெற்கே ஒதுங்கிவிட்டன. பிரெஞ்சுக்காரன் பின்னால் இருந்தவற்றை மட்டும் வளைத்து அடிக்கிறான். கடைசியில், வாலில் நின்ற கப்பல் பெயர் எக்ஸிடர். அதன் பாயெல்லாம் கிழிந்து கேப்டனும் செத்துப்போகிறான். முன்னால் போன நாலும் திரும்பி வரவில்லை. பாய்க்கப்பல், காற்று ஒத்துவராமல் திரும்ப முடியாது. புத்தகத்தில் சாயங்காலம்தான் காற்று மாறுகிறது. எங்களுக்கு இரண்டரை மணிக்கே மாறிவிட்டது. ஊதுவத்திப் புகையெல்லாம் ஒரு நொடி நேராக நின்று பிறகு மறுபக்கம் சாய்ந்தது. யாரும் தொடவில்லை அர்ஜுன், முன்னால் போன நாலும் தானாக ஆடித் திரும்பி எக்ஸிடரை நோக்கி வந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாலு பேரையும் குத்தம் சொல்லக் கூடாது, காத்து இல்லாம அவன் இன்னா பண்ணுவான் என்றான் தண்டபாணி. கருவாடு திருப்பிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“காத்து இல்லாதவன் வரலன்னா சரி. மோட்டார் வச்சினுகீறவன் வரலன்னா இன்னா சொல்றது?”

தண்டபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பங்குனியில் எண்ணூருக்கு எதிரே நீயும் உன் கூட்டாளி சைமனும் எஞ்சின் நின்று படகில் தவித்தீர்களே, நீ சட்டையைக் கழற்றி ஆட்டியதை என் படகிலிருந்து நான் பார்க்கவில்லை என்று குப்பத்துப் பஞ்சாயத்தில் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். பார்த்தேன் அர்ஜுன். மஞ்சள் சட்டை. வலை தண்ணீரில் இருந்தது, மீன் விழுந்து கனத்திருந்தது, இழுத்து முடித்துவிட்டுப் போகலாம், பிள்ளை எங்கே போய்விடப்போகிறான் என்று நினைத்தேன். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் நீரோட்டம் உங்களைக் கண்ணுக்கு எட்டாமல் கொண்டுபோயிருந்தது. மறுநாள் காலை பழவேற்காட்டுப் படகுதான் உங்களை இழுத்துவந்தது. அதற்குப் பிறகு நீ கடலுக்குப் போகவில்லை, இந்த வீட்டிலும் தங்கவில்லை. என் படகில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

போனில் சொல்ல நினைத்தது பல தடவை. நீ ‘ம்’ என்பாய், நான் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். வேறு ஒருவரை வைத்து எழுதச் சொல்லவும் வாய் வரவில்லை. எழுதத் தெரிந்துகொண்டதில் எனக்கு எவ்வளவோ சந்தோஷம், கடைப் பலகையெல்லாம் படிக்கிறேன், பஸ்ஸில் நம்பர் கேட்பதில்லை, ஆனால் இந்த ஒரு தாளுக்காகத்தான் கற்றுக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உறை ஒட்டக் கோந்து டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சைமனிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். எக்ஸிடரைப் பெட்டிக்குள் போடவில்லை, தொட்டியில்தான் இருக்கிறது, பாய் புதிதாகக் கட்டியிருக்கிறேன். வடிவுடையம்மன் உன்னை நன்றாக வைக்கட்டும். கையுறை போடாமல் ஐஸைத் தொடாதே. அடுத்த வாரம் எழுதுவேன், உன் பதில் வராவிட்டாலும் எழுதுவேன்.

உன் நைனா,
செல்வம்
(என் கையெழுத்து, கைநாட்டு இல்லை)