ஆகஸ்ட் மாதப் பரீட்சை

ஜனவரி 18, ஞாயிறு

பனி. பால்கனி முழுக்க. அள்ளவில்லை, குனிந்தால் தலை சுற்றுகிறது.

நேற்றைய ஐஸ் ஹொக்கி மாட்சில், இரண்டாவது பீரியட். மூலைக்குப் போன ரப்பர் பக்கை எடுக்கத் திரும்பினேன். எதிரணிக்காரன் பின்னால் வந்து தோளால் இடித்தான், என் தலை ஓரக் கண்ணாடிச் சுவரில். அதற்குப் பிறகும் ஆடினேனாம். நாலு தரம் ஐஸில் இறங்கினேனாம். ரெட்டோ சொல்லித்தான் தெரியும். ரெட்டோவும் நானும் டிஃபென்ஸில் ஜோடி, ஆறு வருடமாக. அவன் இடது, நான் வலது.

மறந்து போவதால் எழுதுகிறேன். தமிழில், ஏனென்றால் உடைமாற்றும் அறையில் ஒருவனுக்கும் இது வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன அம்மாவுக்கு இப்போதுதான் நன்றி.

நாளைக்கு: ஸ்கேட் தீட்டக் கொடுக்க. மகளின் பனிச் சப்பாத்து. கறிவேப்பிலை (மனைவி நிரோ கேட்டது).

ஜனவரி 19, திங்கள்

மூடுபனி. அப்படியும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

டீம் டொக்டர் போன் எடுத்தார். வெள்ளி பரீட்சை. கம்ப்யூட்டரில் பன்னிரண்டு சொல் வரும், கொஞ்சம் பொறுத்துக் கேட்கும். நிறம் மாறினால் பட்டனை அமுக்க வேண்டும். இதே பரீட்சையை ஆகஸ்டிலும் எழுதுவோம், சீசன் தொடங்க முதல், தலை நன்றாக இருக்கும்போது. அடி பட்ட பிறகு எடுக்கும் புள்ளியை அதோடு ஒப்பிடுவார்கள். கிட்ட வந்தால்தான் ஐஸுக்கு விடுவார்கள்.

அதனால்தான் ஆகஸ்டில் நாங்கள் மடையர்களாகிறோம். நான் இந்த அணிக்கு வந்த முதல் வருடமே ரெட்டோ காதுக்குள் சொன்னான்: "நன்றாகச் செய்துவிடாதே, பிறகு நீயே மாட்டுப்படுவாய்." ஆறு ஆகஸ்ட். தெரிந்த சொல்லைத் தெரியாது என்றேன். பட்டனை வேண்டுமென்றே பிந்தி அமுக்கினேன். கடைசியாக நூற்றுக்கு அறுபத்தொன்று. நல்ல நடிப்பு.

ஆக, வெள்ளிக்குப் பயமில்லை. அறுபது எடுத்தால் போதும். வயது முப்பத்து மூன்று. அடுத்த சீசனுக்குக் கிளப் என்னை வைத்திருப்பதா இல்லையா என்று மாசக் கடைசியில் முடிவு. என் இடத்துக்கு இரண்டு இளசுகள் வரிசையில். இந்த நேரத்தில் தலையிடி என்று படுத்தால் என் கதை முடிந்தது.

கறிவேப்பிலை வாங்கியாயிற்று. ஸ்கேட் மறந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

மழை. இரண்டு நாளாகத் திரைச்சீலையை மூடிக்கொண்டு வீட்டில்.

டாவோஸிலிருந்து அப்பா போனில். "தம்பி, நேற்று மாட்ச் பாத்தனான், உன்னைக் காணேல்லை. வெளியில இருத்திப்போட்டாங்களோ?"

"இல்லையப்பா, சின்ன அடி."

"அடி எண்டால் என்ன? நான் காய்ச்சலோடயும் நிண்டு கோப்பை கழுவினனான். ஒரு நாள் லீவு எடுத்தனானோ?"

எடுக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் ஹோட்டல் குசினியில். இப்போது அந்த முழங்கால்களோடு மாடிப்படி ஏற ஏலாது. அதை யார் அவரிடம் சொல்வது. கோபம் வந்தது, பின்னாலேயே அழுகை. நான் அழுகிற ஆள் இல்லை. இந்த வாரம் சவர்க்கார விளம்பரத்துக்கும் அழுகிறேன்.

காற்றுப்பட என்று தமிழ்க் கடை வரை நடந்தேன். கறிவேப்பிலை, நிரோ கேட்டிருந்தாள். கடைக்கார அண்ணை சிரித்தார். "என்ன தம்பி, வீட்டில விசேசமோ?" ஏன் கேட்டார் என்று விளங்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

காற்று. ஸ்கேட் தீட்டக் கொடுத்தேன், ஒருவழியாக.

நிரோ: "இஞ்ச பாருங்கோ, நாளைக்கு டொக்டரிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ."

"எதை?"

"எனக்கென்ன தெரியும். உங்களுக்குத்தான் தெரியும்."

அவளுக்கு ஆகஸ்ட் கதை தெரியாது. கத்திவிட்டேன். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். நாலு வயது. வெட்கமாக இருந்தது.

ரெட்டோ மெசேஜ்: நாளைக்கு மட்டும் கெட்டிக்காரனாக இரு.

ஸ்கேட்டைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் கறிவேப்பிலை வாங்கி வந்தேன். நிரோ ஃபிரிட்ஜைத் திறந்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், உள்ளே வைத்தாள். ஒரு நன்றி கூட இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

வெயில். கறுப்புக் கண்ணாடி.

உயிரைக் கொடுத்துச் செய்தேன். ஒரு சொல்லையும் ஒளிக்கவில்லை. விரல் பட்டன் மேலேயே இருந்தது. பன்னிரண்டில் பாதிச் சொல் வரவேயில்லை. முதுகு நனைந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு.

டொக்டர் நிதானமான பெண், மருந்துச்சீட்டைக் கூட இரண்டு தரம் வாசிப்பவர். திரையை என் பக்கம் திருப்பினார். "ஆகஸ்டில் அறுபத்தொன்று, இன்றைக்கு ஐம்பத்தெட்டு. சின்ன இறக்கம்தான். திங்கட்கிழமை தலையிடி இல்லையென்றால் பயிற்சிக்குப் போகலாம்."

கேட்டது கிடைத்தது. பஸ் தரிப்பில் இருந்தேன். மூன்று பஸ் போய்விட்டது.

மடையனாக நடித்து எடுத்தது அறுபத்தொன்று. முழு மூச்சோடு எடுத்தது ஐம்பத்தெட்டு. அவருக்கு மூன்று புள்ளி. நான் எங்கிருந்து விழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பயமாக இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

திரும்பவும் பனி. நிரோ அள்ளினாள். நிரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆறு ஆகஸ்டையும். ஏசுவாள் என்று நினைத்தேன். "நாளைக்கு டொக்டரிட்ட நானும் வாறன்" என்றாள். பிறகு மகளைக் குளிக்க வார்க்கப் போய்விட்டாள்.

ஜனவரி 26, திங்கள்

சொல்லிவிட்டேன். ரெட்டோவின் பெயரைச் சொல்லவில்லை, டொக்டரும் கேட்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

"சரி. முந்தின சீசன் புள்ளியோடு ஒப்பிடுவோம்."

"அதுவும் பொய்."

"அதற்கு முந்தியது?"

"அதுவும்தான்."

ஆறையும் கேட்டார். ஆறுக்கும் அதே பதில். நிரோ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியென்றால், நீங்கள் நன்றாக இருந்தபோது எப்படி இருந்தீர்கள் என்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லையே" என்றார்.

இல்லை. என்னிடமும் இல்லை.

நிரோ கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஜெர்மனில், அவளுடைய குண்டெழுத்து. போன திங்களிலிருந்து ஒவ்வொரு நாளும். எனக்குத் தெரியாமல் அவளும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். டொக்டர் வாய்விட்டு வாசித்தார்.

திங்கள்: கறிவேப்பிலை வாங்கி வந்தார். புதன்: திரும்பவும் கறிவேப்பிலை. வியாழன்: திரும்பவும். நான் கேட்டது ஒரு தரம்தான்.